மின்னலை உண்டாக்கிய நாலடி மனிதர்

எடிசன் பெயரை அறியாதவர்கள் இல்லை. அதே காலத்தில், அதே அமெரிக்காவில், எடிசனுக்கு இணையாகப் பேசப்பட்ட இன்னொரு மின்சார மேதை வாழ்ந்தார். அவர்தான் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ்.

அவர் உயரம் சுமார் நாலடி. முதுகில் கூன். இடுப்பு எலும்பு சரியாக அமையாததால் விந்தி விந்தி நடப்பார். சிறிய உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. வாயில் எப்போதும் ஒரு சுருட்டு.

அவரை முதல் தடவை பார்த்தவர்கள் ஐயோ பாவம் என்று இரக்கப்பட்டார்கள். அவர் போட்ட கணக்கைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

நம் தெருமுனையில் ஒரு டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. தொழிற்சாலையில் மோட்டார் ஓடுகிறது. வீட்டில் மின்விசிறி சுற்றுகிறது. இவற்றைச் செய்வதற்கு முன்னால் என்ஜினீயர்கள் காகிதத்தில் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்குக்கு வழி காட்டியவர் ஸ்டைன்மெட்ஸ்.

பிறந்த மண்ணை விட்டு, பாஷை தெரியாத நாட்டில் பிழைக்கப் போனவர் அவர். போன இடத்தில், உடம்பைப் பார்த்துவிட்டு அவரைக் கப்பலிலேயே திருப்பி அனுப்ப இருந்தார்கள். அப்படி அனுப்பியிருந்தால் நஷ்டம் அவருக்கு மட்டும் அல்ல, மின்சார உலகத்துக்கே பெரிய நஷ்டம்.

பாட்டி வளர்த்த பிள்ளை

1865-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9-ந் தேதி, பிரஷ்யாவைச் சேர்ந்த பிரெஸ்லாவ் என்ற நகரத்தில் ஸ்டைன்மெட்ஸ் பிறந்தார். அப்போது ஜெர்மானியர்கள் வாழ்ந்த அந்த நகரம் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது.

பெற்றோர் வைத்த பெயர் கார்ல் ஆகஸ்ட் ருடால்ப். தந்தை ரெயில்வேயில் வேலை பார்த்தவர். நடுத்தரக் குடும்பம்.

தந்தைக்கும் முதுகில் கூன் இருந்தது. பாட்டனாருக்கும் இருந்தது. பரம்பரையாக வந்த அந்தக் குறை பேரனுக்கும் வந்தது.

குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது தாய் இறந்து போனாள். பாட்டிதான் பிள்ளையை எடுத்து வளர்த்தாள்.

தொடக்கத்தில் பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. பிற்காலத்தில் கணித மேதையான அவருக்கு, சின்ன வயதில் பெருக்கல் வாய்ப்பாடே தகராறாக இருந்தது. ஆனால் சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாக மாறியது. உயர்நிலைப் பள்ளியில் அவர் முதல் வரிசை மாணவர் ஆனார். பல மொழிகளையும் கணிதத்தையும் விரும்பிப் படித்தார்.

அந்தக் காலத்தில் உடல் குறையுள்ள பிள்ளையைப் படிக்க வைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்கிற குடும்பங்கள் ஏராளம். ஸ்டைன்மெட்சின் தந்தை அப்படி நினைக்கவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து மகனைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பினார்.

பட்டப் பெயர்

1883-ம் ஆண்டு பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கணிதம், வானநூல், பௌதிகம் எல்லாவற்றையும் படித்தார்.

அங்கே மாணவர்களின் கணித சங்கம் ஒன்று இருந்தது. சேருகிற ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பட்டப் பெயர் வைப்பார்கள். ஸ்டைன்மெட்சுக்கு அவர்கள் வைத்த பெயர் புரோட்டியஸ்.

புரோட்டியஸ் என்பவர் கிரேக்கப் புராணத்தில் வரும் கடல் கிழவர். உலகத்து ரகசியங்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் கேட்டவுடன் சொல்லமாட்டார். பிடிக்கப் போனால் சிங்கமாக, பாம்பாக, தண்ணீராக உருவம் மாறுவார். விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவருக்குத்தான் ரகசியத்தைச் சொல்வார்.

பெயரில் கேலியும் இருந்தது, மரியாதையும் இருந்தது. ஸ்டைன்மெட்சுக்கு அது பிடித்துப் போனது. அவர் மேல் இரக்கப்படாமல், தங்களில் ஒருவனாக நினைத்து வைத்த பெயர் அல்லவா! பிற்காலத்தில் அதையே தன் சொந்தப் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

இரவோடு இரவாக

அப்போது ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சி. சோஷலிஸ்டுகளை அடக்கச் சட்டம் போட்டிருந்தார்கள். கூட்டம் போடக்கூடாது, பத்திரிகை நடத்தக்கூடாது.

ஸ்டைன்மெட்ஸ் மாணவராக இருந்தபோதே சோஷலிஸ்டுகளோடு சேர்ந்தார். அவர்களுடைய பத்திரிகை ஒன்றில் கட்டுரைகள் எழுதினார். அதன் ஆசிரியர் பொறுப்பையும் ஏற்றார். போலீசார் அவரைக் கண்காணிக்கத் தொடங்கினார்கள்.

1888-ம் ஆண்டு, டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி முடிந்து, பட்டம் கைக்கு வர வேண்டிய நேரம். கைது செய்யப்படப் போவதாகத் தகவல் வந்தது. பட்டத்தையும் பிறந்த ஊரையும் விட்டுவிட்டு எல்லையைத் தாண்டினார். சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரம் போய்ச் சேர்ந்தார்.

சூரிச்சில் என்ஜினீயரிங் படிக்கத் தொடங்கினார். அங்கே ஆஸ்கார் அஸ்முஸென் என்ற மாணவர் அவருக்கு உயிர் நண்பர் ஆனார். அஸ்முஸென் அமெரிக்காவில் இருந்து வந்தவர். இருவரும் ஒரே அறையில் தங்கினார்கள். இருப்பதைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள்.

அஸ்முஸென் அமெரிக்கா திரும்ப வேண்டிய நாள் வந்தது. ஸ்டைன்மெட்சையும் கூட வரும்படி அழைத்தார். கப்பல் கட்டணத்துக்கு ஸ்டைன்மெட்சிடம் பணம் இல்லை. அந்தச் செலவை நண்பரே ஏற்றுக்கொண்டார். மிகக் குறைந்த கட்டணத்தில், கப்பலின் கீழ்த்தட்டில் இருவரும் பயணமானார்கள்.

துறைமுகத்தில் தடை

1889-ம் ஆண்டு ஜூன் மாதம் 1-ந் தேதி கப்பல் நியூயார்க் துறைமுகத்தை அடைந்தது.

வெளிநாட்டில் இருந்து வரும் ஏழைப் பயணிகளை அப்போது காசில் கார்டன் என்ற இடத்தில் நிறுத்திப் பரிசோதித்தார்கள். 1882-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாமல் அரசாங்கத்துக்குப் பாரமாகக்கூடியவர் என்று தெரிந்தால் அந்த ஆளை நாட்டுக்குள் விடக்கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது.

அதிகாரியின் முன்னால் ஸ்டைன்மெட்ஸ் வந்து நின்றார். நாலடி உயரம். கூன் முதுகு. நீண்ட பயணத்தில் குளிர் தாக்கி முகம் வேறு வீங்கியிருந்தது. கையில் பணம் இல்லை. வேலை தருவதாக யாரும் எழுதித் தரவில்லை. ஆங்கிலம் சில சொற்களுக்கு மேல் தெரியாது.

அதிகாரிக்குக் கண்ணால் பார்த்தது போதுமாக இருந்தது. திருப்பி அனுப்பத் தயாரானார்.

பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தை கரைத்துக் குடித்தவர் இவர் என்பது அதிகாரிக்குத் தெரியாது. இவருக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்கவும் இல்லை. உடம்பை வைத்துப் போடும் கணக்கில் படிப்பும் மூளையும் சேருவதில்லை!

அஸ்முஸென் குறுக்கே வந்தார். அவர் ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். தன்னிடம் இருந்த பணத்தை எடுத்துக் காட்டினார். நண்பர் யாருக்கும் பாரமாக மாட்டார் என்றும், அவருக்குத் தான் பொறுப்பு என்றும் சொன்னார். அதிகாரி யோசித்தார். கடைசியில் வழி விட்டார்.

ஒரு நண்பரின் ஜாமீன்! அதனால்தான் அமெரிக்காவுக்கு ஒரு ஸ்டைன்மெட்ஸ் கிடைத்தார்.

வாரம் 12 டாலர்

வேலை தேடும் படலம் தொடங்கியது. ஒரு சிபாரிசுக் கடிதத்தோடு, நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸ் என்ற ஊருக்குப் போனார் ஸ்டைன்மெட்ஸ். அங்கே ருடால்ப் ஐக்மேயர் என்பவருக்குத் தொழிற்சாலை இருந்தது. தொப்பி செய்யும் எந்திரங்களைத் தயாரித்துப் பெயர் பெற்றவர். மின்சார மோட்டார்களிலும் அவருக்கு ஆர்வம்.

ஐக்மேயரும் ஜெர்மானியரே. 1848-ம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு அந்த நாட்டை விட்டு அமெரிக்காவில் குடியேறியவர். அகதியாக வந்தவனின் கஷ்டம் அவருக்குத் தெரியும்.

இருவரும் ஜெர்மன் மொழியில் நெடுநேரம் பேசினார்கள். பேச்சு மின்சாரத்தைப் பற்றிப் போனது. வந்தவருடைய முதுகை ஐக்மேயர் பார்க்கவில்லை. அவர் பேசிய பேச்சைக் கவனித்தார். வரைபடம் போடும் வேலை கொடுத்தார். சம்பளம் வாரம் 12 டாலர்.

ஸ்டைன்மெட்ஸ் வரைபடப் பலகையோடு நிற்கவில்லை. எந்திரங்களில் உள்ள கோளாறுகளுக்குக் காரணம் கண்டு சொன்னார். முதலாளி கவனித்தார். இவரைப் படம் போட வைப்பது வீண் என்று தெரிந்துகொண்டார். தொழிற்சாலையிலேயே ஆராய்ச்சிக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

ஊழியருக்கு எது வரும் என்று பார்த்து, அந்த வேலையைக் கொடுக்கிற முதலாளிகள் அன்றைக்கும் குறைவு, இன்றைக்கும் குறைவு. ஐக்மேயர் அந்தக் குறைந்த கூட்டத்தைச் சேர்ந்தவர்.

இந்த நாட்டிலேயே நிலைத்துவிடுவது என்று ஸ்டைன்மெட்ஸ் முடிவு செய்தார். குடியுரிமைக்கு மனுப் போடும்போது கார்ல் என்ற பெயரை அமெரிக்கர்கள் சொல்வது போல் சார்லஸ் என்று மாற்றினார். நடுவில் இருந்த இரண்டு பெயர்களை எடுத்துவிட்டு மாணவப் பருவத்துப் பட்டப் பெயரை வைத்தார். சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ் ஆனார்.

இரும்பு சூடாகும் கணக்கு

யாங்கர்சில் அவர் செய்த ஆராய்ச்சிதான் அவரை உலகறியச் செய்தது. அதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம்.

மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு. ஒரே திசையில் ஓடுவது டி.சி. திசை மாறி மாறி ஓடுவது ஏ.சி. இந்தியாவில் வீடுகளுக்கு வரும் ஏ.சி. மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. அதாவது விநாடிக்கு 100 தடவை திசை மாறுகிறது.

மோட்டாரிலும் டிரான்ஸ்பார்மரிலும் கம்பிச் சுருளுக்குள் இரும்பு இருக்கும். மின்சாரம் திசை மாறும்போதெல்லாம் இரும்பின் காந்தமும் திசை மாற வேண்டும். இரும்பு உடனே இணங்குவதில்லை. கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டை அடக்குவதில் சக்தி வீணாகிறது. இரும்பு சூடாகிறது.

ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் பல தடவை வளைத்துப் பாருங்கள். வளைத்த இடம் சுடும். ஏறத்தாழ அது போலத்தான் இதுவும்.

எவ்வளவு சக்தி வீணாகும் என்று முன்கூட்டியே சொல்ல அப்போது வழி இல்லை. எந்திரத்தைச் செய்து முடிக்க வேண்டும். ஓட்டிப் பார்க்க வேண்டும். அளவுக்கு மேல் சூடானால் உடைத்துப் போட்டு வேறு செய்ய வேண்டும். பணமும் உழைப்பும் பாழ்.

ஸ்டைன்மெட்ஸ் பலவகை இரும்புகளை எடுத்துச் சோதித்தார். நூற்றுக்கணக்கான அளவுகளைக் குறித்தார். அவற்றில் இருந்து ஒரு விதியைக் கண்டுபிடித்தார். காந்தத்தின் செறிவு இரண்டு மடங்கானால், வீணாகும் சக்தி ஏறத்தாழ மூன்று மடங்காகும் என்பது அந்த விதியில் இருந்து கிடைக்கிறது. இரும்பின் வகை தெரிந்தால் போதும். எந்திரம் செய்வதற்கு முன்பே எவ்வளவு சூடாகும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுவிடலாம்.

1892-ம் ஆண்டு ஜனவரி மாதம் அமெரிக்க மின்சார என்ஜினீயர்கள் சங்கத்தில் இதை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 26. அமெரிக்காவில் கால் வைத்து மூன்று ஆண்டு கூட ஆகவில்லை.

கம்பெனியே கைமாறியது

1892-ம் ஆண்டுதான் ஜெனரல் எலெக்ட்ரிக் என்ற பெரிய கம்பெனி தோன்றியது. அதன் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த எட்வின் ரைஸ் என்பவர் ஐக்மேயரின் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார். அங்கே சிறிய உடம்பும் பெரிய தலையும் கலைந்த முடியுமாக நின்ற ஸ்டைன்மெட்சைச் சந்தித்தார். பார்த்ததும் திகைத்தார். பேசப் பேச, தேடியது கிடைத்துவிட்டது என்று புரிந்துகொண்டார்.

1893-ம் ஆண்டு ஐக்மேயரின் தொழிலை ஜெனரல் எலெக்ட்ரிக் விலைக்கு வாங்கியது. அவருடைய கண்டுபிடிப்பு உரிமைகளோடு ஸ்டைன்மெட்சும் பெரிய கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். முதலில் லின் என்ற ஊரிலும், 1894-ல் இருந்து ஷெனெக்டடி என்ற ஊரிலும் வேலை பார்த்தார். கடைசி வரை ஷெனெக்டடிதான் அவருக்குச் சொந்த ஊர்.

அதே 1893-ம் ஆண்டு சிகாகோவில் உலக மின்சார மாநாடு நடந்தது. அங்கே தமது இரண்டாவது பெரிய சாதனையை வெளியிட்டார்.

ஏ.சி. மின்சாரத்தில் வோல்ட்டும் ஆம்பியரும் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அடி பிசகி நடக்கும் இரண்டு பேரைப் போல! இதைக் கணக்கிட என்ஜினீயர்கள் பக்கம் பக்கமாகக் கஷ்டமான கணக்குகளைப் போட வேண்டியிருந்தது.

மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் என்று கணித நிபுணர்கள் ஒன்றைச் சொல்வார்கள். கற்பனை எண் என்று அதற்குப் பெயர். நடைமுறை வேலைக்கு அது உதவும் என்று என்ஜினீயர்கள் எதிர்பார்க்கவில்லை. ஸ்டைன்மெட்ஸ் அந்தக் கற்பனை எண்ணைக் கொண்டே மின்சாரக் கணக்கைச் சுலபமாக்கினார். பள்ளிக்கூடத்து அல்ஜீப்ரா தெரிந்தால் போதும், ஏ.சி. கணக்கைப் போட்டுவிடலாம் என்ற நிலை வந்தது.

முதலில் பலருக்கு இது விளங்கவில்லை. அவர் சலித்துக்கொள்ளவில்லை. புத்தகங்கள் எழுதினார். 1897-ம் ஆண்டு முதல் புத்தகம் வந்தது. யூனியன் கல்லூரியில் 1902-ம் ஆண்டு முதல் பேராசிரியராக இருந்து மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். இப்போதும் மின்சார என்ஜினீயரிங் படிக்கும் மாணவர்கள் அந்த முறையில்தான் கணக்குப் போடுகிறார்கள்.

1901-ம் ஆண்டு மின்சார என்ஜினீயர்கள் சங்கத்தின் தலைவர் ஆனார். 1902-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்தது. பட்டம் வாங்காமல் ஊரை விட்டு ஓடி வந்தவரைப் பட்டம் தேடி வந்தது.

சாக்குக்கட்டிக் கோடு

அவரைப் பற்றி அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வழங்கும் கதை ஒன்று உண்டு.

மோட்டார் மன்னர் ஹென்றி போர்டின் தொழிற்சாலையில் பெரிய ஜெனரேட்டர் ஒன்று பழுதாகிவிட்டது. அங்கிருந்த என்ஜினீயர்களால் கோளாறைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஸ்டைன்மெட்சை அழைத்தார்கள். அவர் எந்திரத்தின் சத்தத்தைக் கேட்டபடி நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஏணி கொண்டுவரச் சொன்னார். மேலே ஏறி, ஓரிடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டார். அந்த இடத்தில் பிரித்து, இத்தனை சுற்றுக் கம்பியை எடுத்துவிடும்படி சொன்னார். அப்படியே செய்தார்கள். எந்திரம் ஓடியது.

பில் வந்தது. 10 ஆயிரம் டாலர்! போர்டு விவரம் கேட்டு எழுதினார். கோடு போட்டதற்கு 1 டாலர் என்றும், எங்கே போடுவது என்று தெரிந்ததற்கு 9 ஆயிரத்து 999 டாலர் என்றும் பதில் போனதாம்.

இது கதைதான். ஆனாலும் தொழிலாளர்கள் இதை விரும்பிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாக்குக்கட்டி பிடிக்கும் கை யாருக்கும் உண்டு. தெரிந்துவைத்திருப்பதற்குத்தான் விலை.

படகே ஆபீஸ்

ஸ்டைன்மெட்சின் உடம்புக்கு மற்றவர்களைப் போல மேஜை நாற்காலியில் பல மணி நேரம் உட்காருவது சுகப்படாது. அதற்காக அவர் வேலையைக் குறைத்துக்கொள்ளவில்லை. தனக்கு ஏற்றபடி இடத்தை அமைத்துக்கொண்டார்.

ஷெனெக்டடிக்குப் பக்கத்தில் மோஹாக் ஆறு ஓடுகிறது. அதில் வந்து சேரும் ஓடைக்கரையில் ஒரு மர வீடு கட்டினார். கோடைக்காலத்தில் அங்கே தங்குவார். ஒரு சிறு படகில் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல் காகிதங்களைப் பரப்பிக்கொள்வார். மெத்தை ஒன்றைப் போட்டு அதன் மேல் முழங்கால் ஊன்றிக்கொள்வார். படகு அது பாட்டுக்கு மிதக்கும். அவர் பாட்டுக்குக் கணக்குப் போடுவார். கம்பெனியும் அதை ஏற்றுக்கொண்டது. ஆள் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார் என்று பார்க்கவில்லை. வேலை நடக்கிறதா என்று பார்த்தது. அவர் பெயரில் ஏறத்தாழ 200 கண்டுபிடிப்பு உரிமைகள் பதிவாயின.

தன் குறை தன் பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்று பயந்து அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் குழந்தைகள் என்றால் உயிர். ஜோசப் ஹேடன் என்ற இளைஞர் அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராக இருந்தார். ஹேடனுக்குத் திருமணம் ஆனதும், அந்தத் தம்பதியைத் தன் பெரிய வீட்டுக்கே குடிவரும்படி ஸ்டைன்மெட்ஸ் அழைத்தார். வேலை முடியும்வரை சாப்பாட்டை மறந்துவிடுகிறவர் அவர். நேரத்துக்குச் சாப்பிட வர வேண்டும் என்று ஹேடனின் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மேதை அதற்குக் கட்டுப்பட்டார்!

பிறகு ஹேடனைச் சட்டப்படி மகனாகத் தத்து எடுத்துக்கொண்டார். ஹேடனின் மூன்று குழந்தைகளும் அவரைத் தாத்தா என்று அழைத்தார்கள். வீட்டில் கள்ளிச்செடித் தோட்டம் வைத்திருந்தார். முதலைகள் கூட வளர்த்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் வீடுதான் வேடிக்கைச் சாலை.

பள்ளிக்கூடங்களில் கவனம்

பெரிய கம்பெனியில் பெரிய பதவி கிடைத்த பிறகும் பழைய கொள்கையை அவர் மறக்கவில்லை. கடைசி வரை சோஷலிஸ்டாகவே இருந்தார். மின்சாரம் பெருகினால் எந்திரங்கள் பெரும்பாலான வேலையைச் செய்துவிடும், தொழிலாளி நாளொன்றுக்கு நாலு மணி நேரம் உழைத்தால் போதும் என்று எழுதினார்.

1911-ம் ஆண்டு ஷெனெக்டடி நகரசபையை சோஷலிஸ்டுகள் பிடித்தார்கள். நகரக் கல்விக் குழுவின் தலைவராக ஸ்டைன்மெட்ஸ் வந்தார். பிறகு நகரசபைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஷெனெக்டடியில் தொழிற்சாலை வேலைக்காகப் பல நாடுகளில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் நிறைய. அவர்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது. பள்ளிகளில் இடமும் போதாது. புதிய பள்ளிக் கட்டடங்களுக்காக ஸ்டைன்மெட்ஸ் வாதாடினார். பாடப் புத்தகங்களை இலவசமாகக் கொடுக்க வழி செய்தார். வெளிநாட்டில் இருந்து வந்த பிள்ளைகளுக்கும், உடல்நலம் குறைந்து படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கும் தனி வகுப்புகள் ஏற்படுத்தினார்.

வாய்ப்பாடு வராமல் தவித்ததும், ஆங்கிலம் தெரியாமல் துறைமுகத்தில் நின்றதும் அவருக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளின் கஷ்டத்தை யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

உடைந்த கண்ணாடி

கடைசி ஆண்டுகளில் மின்னலைப் பற்றி ஆராய்ந்தார். மின்கம்பிகளில் இடி விழுந்தால் ஊரே இருண்டு போகும். எந்திரங்கள் கருகிப் போகும். இதைத் தடுக்க வேண்டுமானால் மின்னலைப் பற்றித் தெரிய வேண்டும். மின்னலோ கண் இமைக்கும் நேரத்தில் மறைந்துவிடுகிறது.

1920-ம் ஆண்டு அவருடைய ஆற்றங்கரை வீட்டிலேயே இடி விழுந்தது. பொருள்கள் சேதமாயின. ஒரு நிலைக்கண்ணாடி சுக்குநூறாக உடைந்தது. வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார். ஸ்டைன்மெட்சோ சில்லுகளை ஒன்று விடாமல் பொறுக்கச் செய்தார். பொறுமையாகப் பொருத்தி, இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே வைத்தார். மின்னல் சென்ற வழி அதில் படம் போட்டது போல் பதிந்திருந்தது.

1922-ம் ஆண்டு தன் ஆராய்ச்சிக்கூடத்தில் செயற்கை மின்னலை உண்டாக்கிக் காட்டினார். ஒரு லட்சத்துக்கும் அதிகமான வோல்ட்! பெரும் சத்தத்தோடு பாய்ந்த மின்னலில் மரக்கட்டைகள் பிளந்து சிதறின. பத்திரிகைகள் எல்லாம் அவரை மின்னல் மந்திரவாதி என்று கொண்டாடின. மின்கம்பிகளை இடியில் இருந்து காப்பாற்றும் கருவிகளைச் சோதிக்க இந்த ஆராய்ச்சி உதவியது.

அந்த ஆண்டு அக்டோபர் மாதம் எடிசன் ஷெனெக்டடிக்கு வந்து மின்னல் ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்த்தார். எடிசனுக்குச் சின்ன வயதில் இருந்தே காது சரியாகக் கேட்காது. இளமையில் தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர் அவர். ஸ்டைன்மெட்ஸ் அவரோடு பேசுவதற்குக் கத்தவில்லையாம். எடிசனின் முழங்காலில் விரலால் தந்திக் குறிகளைத் தட்டினாராம். எடிசன் புரிந்துகொண்டு சிரித்தாராம். இருவர் சந்திப்பைப் பற்றி இப்படிச் சொல்வார்கள். காது கேட்காதவரோடு பேசக் காதைத் தேடாமல், அவருக்கு நன்றாகத் தெரிந்த தந்தி மொழியை எடுத்துக்கொண்டார் ஸ்டைன்மெட்ஸ்!

மறைவு

1923-ம் ஆண்டு குடும்பத்தோடு அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சுற்றிப் பார்க்கப் போனார். போன இடமெல்லாம் கூட்டம். திரும்பி வந்தபோது மிகவும் களைத்திருந்தார். அக்டோபர் மாதம் 26-ந் தேதி காலை, வீட்டில் படுக்கையிலேயே உயிர் பிரிந்தது. இதயம் நின்றுவிட்டது. வயது 58. பெரிய சொத்து எதுவும் அவர் சேர்த்து வைக்கவில்லை.

1983-ம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் அவர் படம் போட்ட தபால்தலையை வெளியிட்டது. 2015-ம் ஆண்டு ஷெனெக்டடியில் எடிசனும் ஸ்டைன்மெட்சும் சந்திப்பது போல் இரண்டு வெண்கலச் சிலைகள் வைக்கப்பட்டன. எடிசன் சிலை உயரம். ஸ்டைன்மெட்ஸ் சிலை அதன் பக்கத்தில் சிறியது. அவர் எப்படி இருந்தாரோ அப்படியே வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில்

இந்தியாவில் 1995-ம் ஆண்டு உடல் ஊனமுற்றோர் உரிமைக்காகச் சட்டம் வந்தது. அரசாங்க வேலைகளில் 3 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. 2016-ம் ஆண்டு வந்த புதிய சட்டம் அதை 4 சதவீதம் ஆக்கியது. 21 வகைக் குறைபாடுகள் அந்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. உயரக் குறைவும் அவற்றில் ஒன்று. மாற்றுத் திறனாளி ஊழியருக்கு ஏற்றபடி வேலை செய்யும் இடத்தை அமைத்துக் கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஸ்டைன்மெட்ஸ் படகில் பலகை போட்டுக்கொண்டாரே, அதைத்தான் இன்று சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் சட்டம் நாற்காலியைத்தான் வாங்கித் தரும். அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு நல்ல வேலையைக் கொடுப்பது பக்கத்தில் இருப்பவர்கள் கையில் இருக்கிறது. பல ஆபீஸ்களில் மாற்றுத் திறனாளிகளுக்குச் சம்பளம் கிடைக்கிறது, வேலை கிடைப்பதில்லை. பாவம், சிரமப்பட வேண்டாம் என்று முத்திரை குத்தவும் கடிதம் பிரிக்கவும் விட்டுவிடுகிறார்கள். இரக்கம்தான். ஆனால் அந்த இரக்கத்தில் எத்தனை திறமைகள் துருப்பிடிக்கின்றன!

ஐக்மேயர் இரக்கப்பட்டு வேலை கொடுக்கவில்லை. உட்கார வைத்துப் பேசினார். என்ன தெரியும் என்று கேட்டார். தெரிந்ததற்கு ஏற்ற வேலையைக் கொடுத்தார். அவ்வளவுதான் செய்தார். நம் ஆபீசிலும் பட்டறையிலும் புதிதாக ஒருவர் ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தால், நாமும் முதலில் கேட்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.